இரண்டு டப்பாவையும் ஒன்றாகக் கொட்டினோம்

1993, பங்குனி மாதம். ஒரு மல்லாட்டை என்னைத் தோற்கடித்தது.

திண்டிவனத்தில் ஓர் எண்ணெய் மில்லுக்கு மல்லாட்டை (நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) வாங்கும்போது தரம் பார்ப்பது என் வேலை. மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, விரலால் உடைத்து, பருப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் உடைக்கிற கை. அன்று காலை ஒன்றுகூட உடையவில்லை. விரல்கள் மடங்கவே மாட்டேன் என்றன. ஓமந்தூரிலிருந்து சரக்கோடு வந்திருந்த விவசாயி சற்று நேரம் பொறுமையாகப் பார்த்தார்.

“இன்னா ஏழுமல, கொற சொல்ல ஒண்ணும் கெடைக்காம கொட்டையோட மல்லு கட்டிக்கினு இருக்கிறியா?”

“உங்க மல்லாட்டைக்கு ஓடு போட்டவன் கொத்தனாருங்க” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பத்து மணிக்கு விரல்கள் தாமாக மடங்கின. நானும் மறந்துவிட்டேன். மறப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. என் மனைவி தனலட்சுமி அதற்குச் சாட்சி.

மறுநாளும் அப்படியே. ஒரு மாதத்தில் இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கின. சட்டைப் பொத்தானைத் தனலட்சுமிதான் போட்டுவிட்டாள். திண்டிவனத்து டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ‘முடக்குவாதம்’ என்றார் (உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, சொந்த மூட்டுகளையே பகையாளி என்று நினைத்துத் தாக்கும் நோய்). முப்பத்தொரு வருடம் கூடவே இருந்த என்னை என் உடம்புக்கே அடையாளம் தெரியவில்லை.

அடுத்த பத்து வருடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தீராத நோயோடு வாழும் யாருக்கும் இதே பத்து வருடங்கள் இருந்திருக்கும். செம்பு வளையம் போட்டேன். சூடான மணலில் கையைப் புதைத்தேன். ஒருவர் சொன்னார் என்று கத்தரிக்காயை விட்டேன், இன்னொருவர் சொன்னார் என்று கத்தரிக்காயை மட்டுமே தின்றேன். ஒவ்வொன்றிலும் குணம் தெரிந்தது. அதுதான் பேஜாரு. எதைச் செய்தாலும் ஒரு மாதம் நன்றாக இருக்கும். நான் ஊரெல்லாம் அதைப் பரப்புவேன். பிறகு நோய் திரும்பி வரும், நான் வேறு ஒன்றைப் பரப்பக் கிளம்புவேன்.

2003இல் விழுப்புரத்தில் ஒரு மூட்டுநோய் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே டாக்டர் கலைமதி. ‘மெத்தோட்ரெக்சேட்’ எழுதிக் கொடுத்தார் (எதிர்ப்புச் சக்தியின் ஆவேசத்தை அடக்கும் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் ஆபத்து, இதை மட்டுமாவது இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்). சில மாதங்கள் கழித்து, நான் வலியின் உச்சத்தில் போய் உட்கார்ந்த ஒரு நாள், ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டார்.

“நீங்க சாப்பிடற மாத்திரை அப்படியே தொடரும். அதோட தினமும் இன்னொண்ணு தருவோம். பாதிப் பேருக்கு அது புது மருந்து. மீதிப் பேருக்கு பார்க்க அதே மாதிரி இருக்கிற வெற்று மாத்திரை, அதுல மருந்தே இருக்காது. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“உங்களுக்கே தெரியாதுங்களா? ரொம்பப் பெரிய டாக்டர்னு சொல்லி அனுப்பினாங்களே.”

அவர் சிரித்தார். பிறகு எட்டுப் பக்க ஒப்புதல் படிவத்தை, அன்று சேரவிருந்த எங்கள் எல்லாருக்கும் வாய்விட்டு வாசித்துக் காட்டினார். முதல் மூன்று பக்கம் கவனமாகக் கேட்டேன். மீதி ஐந்து பக்கமும் அவர் முடித்தவுடன் என்ன நகைச்சுவை சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நகைச்சுவை இப்போது நினைவில் இல்லை. கேட்காமல் விட்ட ஐந்து பக்கங்கள் நன்றாக நினைவிருக்கின்றன.

கேட்ட மூன்று பக்கம் எனக்குச் சுலபமாகப் புரிந்தது. அது என் தொழில்தானே. எந்த மூட்டையில் குத்த வேண்டும் என்று விற்கிறவர் சொன்னால், மேலே நல்ல சரக்கு வைத்த மூட்டையைக் காட்டுவார். என் விருப்பத்துக்கு விட்டால், டீ வாங்கிக் கொடுத்தவரின் நல்ல மூட்டைக்கு என் கை தானாகப் போகும். அதனால் எங்கள் மில்லில் சீட்டுக் குலுக்கி எடுப்போம். ஆய்விலும் அதே. பாவம் பார்த்து இவருக்கு நல்ல மருந்து என்று டாக்டர் பொறுக்காதபடி குலுக்கல் முறை. மூட்டையின் சொந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரியாமல் பெயர்ச்சீட்டைக் கவிழ்த்து வைப்பது போல, மருந்து எது என்று நோயாளிக்கும் தெரியாமல், கை வீக்கத்தை அளக்கிற டாக்டருக்கும் தெரியாமல் வைப்பது இருபக்க மறைப்பு. வெற்று மாத்திரை பெறுகிறவர்கள் ஒப்பீட்டுக் குழு. அவர்கள் இல்லாவிட்டால், பத்து வருடமாக நான் பரப்பிய எல்லாமே மருந்துதான்.

இவ்வளவும் எனக்கு விளங்கிவிட்டது என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். ஒரு விஷயம் விளங்கிவிட்டது என்று நான் சொல்லும்போது தனலட்சுமி எழுந்து உள்ளே போய்விடுவாள். அன்று அவள் உடன் வரவில்லை.

சேர்ந்த நாளிலேயே அஞ்சலையக்காவைப் பார்த்தேன். மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பம், ஐம்பது வயது, மீன் அரிந்து விற்கிற பெண்மணி. எனக்கு இருந்த அதே நோய். கத்திப் பிடி கைக்குள் நிற்கவில்லை என்றுதான் விழுப்புரம் வந்திருந்தார். கணவர் கடலில் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அரிகிற கை நின்றால் அந்த வீடு நின்றுவிடும். மாதம் ஒரு முறை அவர் பஸ்ஸில் திண்டிவனம் வருவார், அங்கிருந்து இருவரும் ஒரே பாசஞ்சர் ரயிலில் போவோம்.

டப்பாவில் ஓர் எண் மட்டும் இருக்கும். கூடவே ஒரு தாள். காலையில் எழுந்து எத்தனை நிமிடம் கழித்து விரல்கள் முழுதாக மடங்குகின்றன என்று தினமும் எழுத வேண்டும். மாதாமாதம் மிச்ச மாத்திரைகளை எண்ணுவார்கள், இரத்தம் எடுப்பார்கள்.

இரண்டாம் மாதத்தில் என் நூற்றிருபது நிமிடம் நாற்பத்தைந்தாகக் குறைந்தது. அஞ்சலையக்காவுக்கு நேர்மாறு. ரயிலில் டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தார்.

“ஒனக்கு நெஜ மாத்திர விழுந்துடிச்சி தம்பி. எனக்கு வெறும் சுண்ணாம்புதான்.”

“அப்படியெல்லாம் சொல்ல முடியாதுக்கா. டாக்டரம்மாவுக்கே தெரியாது.”

“அவங்களுக்குத் தெரியாது. என் கைக்குத் தெரியுது இல்ல?”

என்னிடம் இருந்தது ஒரு நல்ல மனசு. மடத்தனம் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த வேஷத்தில்தான் வரும். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பொட்டலத்தைத் தனியாகப் பிரித்துத் தின்ன எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. கேப்பை அடையாக இருந்தாலும் பாதியைப் பிய்த்து நீட்டுவோம். குணமாகிக்கொண்டிருக்கிற கையோடு எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பது?

“ஒண்ணு பண்ணலாம்க்கா. ரெண்டு டப்பாவையும் கொட்டிக் கலந்துடலாம். கலந்து பாதி பாதி எடுத்துக்கலாம். எப்படியும் ரெண்டு பேருக்கும் பாதி மருந்து உள்ள போவும்.”

“தப்பு இல்லியா?”

“மருந்தத் தூக்கியா போடறோம்? பங்கு போட்டுக்கறோம்.”

திரும்பி வரும்போது, மயிலம் ஸ்டேஷன் தாண்டுவதற்குள், என் துண்டை விரித்து இரண்டு டப்பாவையும் கொட்டினோம். ஒரே நிறம், ஒரே அளவு. கை வலியோடு ஒவ்வொன்றாக எண்ணிப் பிரித்தோம். பழைய மல்லாட்டையைப் புதுசோடு கலந்து கொண்டு வருகிறவர்களைப் பத்து வருடமாக வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டவன் நான். கலந்துவிட்ட மூட்டையில் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது என்று பிரசங்கம் செய்தவன். அன்று அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

அடுத்த மாதம், ரயில் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது அக்கா கேட்டார். “நோவு கொறையலன்னு சொல்லிட்டா இன்னா ஆவும் தம்பி? நீதான் படிவத்தக் கவனமாக் கேட்டுக்கினு இருந்தியே, எனக்கு ஒண்ணும் புரியல.”

“பேர வெட்டிடுவாங்கக்கா. நல்லா இருக்குதுன்னே சொல்லு.”

படிவத்தின் ஆறாம் பக்கத்தில் இருந்தது இதற்கு நேர் எதிர். நோய் கூடினால் உடனே சொல்ல வேண்டும், ஆய்விலிருந்து விடுவித்து வேறு மருந்து தருவார்கள், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை நிற்காது. நான் கேட்காத ஐந்து பக்கங்களில் அது ஒன்று. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அந்த நாட்களில் என் வாயில் இருந்ததில்லை.

நானும் சும்மா இல்லை. டாக்டர் நல்லவர், ஏமாற்றம் அடையக் கூடாது என்று ஐம்பது நிமிடத்தை நாற்பது என்று எழுதினேன். இதற்கும் ஆய்வில் ஒரு பெயர் இருக்கிறது. சார்பு (தெரிந்தோ தெரியாமலோ அளவை ஒரு பக்கம் சாய்ப்பது). தராசின் ஒரு தட்டில் விரலை வைப்பதுதான். என் விரலுக்கு மல்லாட்டை உடைக்கத்தான் பலமில்லை, தராசை அழுத்தப் பலமிருந்தது.

ஐந்தாம் மாதம். இரத்தம் கொடுத்துவிட்டு மருத்துவமனை நடைவழியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா வழி முழுக்க வாந்தி எடுத்திருந்தார். டாக்டர் கலைமதியே வெளியே வந்து அவரை அழைத்தார். துணைக்கு நானும் போனேன்.

“அஞ்சலையம்மா, கல்லீரல் நொதி ரொம்பக் கூடியிருக்கு” என்றார் (கல்லீரல் அடிபட்டால் இரத்தத்தில் கசியும் பொருள்). “புது மருந்தா இருக்கலாம், பழைய மாத்திரையா இருக்கலாம். எதுன்னு தெரியற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தணும்.”

“எல்லாத்தயும் நிறுத்திட்டா கை?”

டாக்டர் தாளை மேசைமேல் வைத்தார். “முதல்ல கல்லீரல். கையை அப்புறம் பார்க்கலாம்மா.”

அக்கா என்னைப் பார்த்தார். சொல்லு என்றும் பார்க்கவில்லை, சொல்லாதே என்றும் பார்க்கவில்லை. நான் ஏதோ ஒரு நகைச்சுவைக்கு வாயைத் திறந்தேன். வரவில்லை. என் நாற்பத்தொரு வருட வாழ்க்கையில் அப்படி ஆனது அதுவே முதல் முறை.

“டாக்டர், அவங்க சாப்பிட்டது அவங்க டப்பா இல்லிங்க. பாதி என் டப்பா. நான் சாப்பிட்டது பாதி அவங்களுது. மூணு மாசமா கலந்துதான் சாப்பிடறோம். யோசன என்னுதுங்க. நோவு இல்லன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்.”

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பார்த்தார். என் கல்லீரலில் குறை எதுவும் இல்லை.

“ஒரே கலவையை ரெண்டு பேரும் சாப்பிட்டிருக்கீங்க. ஒருத்தருக்கு மட்டும் அடிபட்டிருக்கு. அதை வெச்சு முடிவு கட்ட முடியாது, ஆனா கேட்கத் தோணுது. அஞ்சலையம்மா, நான் கொடுக்காத மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?”

அக்கா சுருக்குப்பையைத் திறந்து இரண்டு அட்டைகளை மேசைமேல் வைத்தார். கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை. ஒரு நாளைக்கு ஐந்தாறு.

“நோவு தாங்கல கண்ணு. ஒன்கிட்ட நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டேன். அப்பறம் யார்கிட்ட போய் நோவுதுன்னு சொல்றது? கடக்காரன்கிட்டதான் சொன்னேன்.”

அந்த வாக்கியத்தை நான் இன்னும் முழுதாக விழுங்கவில்லை.

மறைப்பை உடைக்க (யாருக்கு எந்த மாத்திரை என்று பட்டியலைத் திறந்து பார்க்க) அனுமதி கேட்டு டாக்டர் தொலைபேசினார். இரண்டு மணி நேரம் நடையில் காத்திருந்தோம். அக்கா மெதுவாகத்தான் பேசினார்.

“அய்யரு மாதிரி வெளக்கம் சொன்னியேடா. ஒன்னப் போய் வெவரமானவன்னு நம்பி வாய மூடிக்கினு கெடந்தேன் பாரு, என் புத்திய சொல்லணும்.”

“தப்புதான்க்கா.”

“ஒனக்கு நெஜ மாத்திரன்னு எனக்குப் பொறாம வேற.”

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேருக்குமே குலுக்கல்ல விழுந்தது வெற்று மாத்திரை.”

மருந்தில்லாததை மருந்தில்லாததோடு கலந்து, துண்டு விரித்து, வலிக்கிற விரலால் எண்ணி, நியாயமாகப் பங்கு போட்டிருக்கிறோம்.

“பங்கு மட்டும் சரியா இருந்துதுக்கா” என்றேன். அக்கா சிரிக்கவில்லை. டாக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படியானால் என் கை எப்படிக் குணமானது? இதைத்தான் அடுத்த சந்திப்பில் முதலில் கேட்டேன். முடக்குவாதம் ஏறி இறங்குகிற நோய். உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் டாக்டரைத் தேடி ஓடுகிறான். உச்சத்துக்கு அப்புறம் இறக்கம்தான் பெரும்பாலும். இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். செம்பு வளையமும் சூட்டு மணலும் அந்த இறக்கத்தில் கையைக் காட்டிப் பெயர் வாங்கியவை. போதாததற்கு, டாக்டர் மாத்திரையை எண்ணுகிறார் என்ற பயத்தில், வாராந்திர மாத்திரையை அந்த ஐந்து மாதம்தான் நான் ஒரு வாரமும் தவறாமல் விழுங்கியிருக்கிறேன்.

“எங்களைக் கணக்கிலருந்து தூக்கிடுவீங்களா?” என்று கேட்டேன்.

“மாட்டோம். நடந்ததை நடந்தபடி எழுதுவோம். ஆனா குலுக்கல்ல எந்தக் குழுவில விழுந்தீங்களோ, கணக்கு அந்தக் குழுவிலதான். ஒழுங்கா சாப்பிட்டவங்களை மட்டும் எண்ணினா, மருந்து உண்மையிலேயே இருக்கிறதைவிட நல்லதாத் தெரியும். நிஜ உலகத்துல ஏழுமலைகளும் இருக்காங்க இல்லையா?”

ஒதுக்கியபடி ஆய்தல் என்று அதற்குப் பெயர். என்னைப் போன்றவர்களுக்கு விஞ்ஞானம் தனியாக ஒரு விதியே எழுதி வைத்திருக்கிறது என்று வீட்டில் சொன்னேன். தனலட்சுமி, “நான் கல்யாணத்தன்னிக்கே எழுதி வெச்சிட்டேன்” என்றாள். நானும் சிரித்தேன். டாக்டர் சொன்ன மீதியை அவளிடம் சொல்லவில்லை. எங்களில் ஒருவருக்காவது நிஜ மருந்து விழுந்திருந்தால், நல்ல மருந்து ஒன்றைப் பலனில்லை என்று தள்ள நாங்களும் ஒரு கை கொடுத்திருப்போம். எங்களைப் போல எங்கேயோ மடங்காத விரலோடு உட்கார்ந்திருக்கிற யாருக்கோ அது கிடைக்காமல் போயிருக்கும்.

அஞ்சலையக்கா வலி மாத்திரையை விட்டார். பழைய மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி, கல்லீரல் தேறிய பின் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கி, கூட இன்னொரு பழைய மருந்தும் சேர்த்தார்கள். முதல் இரண்டு மாதம் அவர் ரயிலில் என் பெட்டியில் ஏறவில்லை. மூன்றாம் மாதம் ஏறி எதிரில் உட்கார்ந்தார். கைக்குட்டையை முறுக்கிப் பிழிந்து காட்டினார், சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும். மறு வருடம் கத்தியைப் பிடித்துவிட்டார்.

கைக்குட்டையைப் பிழிந்து காட்டிய அன்று டாக்டர், “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டதற்கு அவர் சொன்னதை நான் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டேன். “வலது கை பரவால்ல. எடது கட்டவெரல் மோசம். ராவுல ரெண்டு தபா முழிச்சிக்கினேன். எழுதிக்கோ கண்ணு, ஒண்ணு விடாம எழுதிக்கோ.” நடை முழுக்கக் கேட்கிற குரல்.

இதைப் படிக்கிற நீங்களும் ஒருநாள் அந்த நடையில் உட்காருவீர்கள். யாராவது ஒரு மருந்து ‘ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்’ என்பார்கள். எதில் பாதி என்று கேளுங்கள். ஆயிரம் மூட்டையில் இரண்டு பூஞ்சை பிடித்தது ஒன்றானாலும் பாதிதான், ஐந்நூறு பிடித்தது இருநூற்றைம்பதானாலும் பாதிதான். ஒற்றை எண்ணைக் கறாராகச் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பத்து மூட்டை குத்திப் பார்த்துவிட்டு ‘நூற்றுக்கு எழுபது பருப்பு’ என்பேன் நான். ‘அறுபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில்’ என்பதே யோக்கியமான பேச்சு. அந்த நடுவுக்கு நம்பக இடைவெளி என்று பெயர். நிறைய மூட்டை குத்தினால் அது குறுகும். என் மச்சானுக்குக் குணமானது என்று ஒருவர் சொன்னால், அது ஒரு மூட்டை. மச்சானுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும்: நோவுகிறது என்றால் நோவுகிறது என்று சொல்லுங்கள். மற்றதை எல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

இதெல்லாம் முடிந்து பல வருடம் ஆகிறது. நோய் போகவில்லை. எங்களோடு குடியிருக்கிறது, சத்தம் குறைவாக. நான் இன்னும் மூட்டை குத்துகிறேன், ஆனால் ஒன்பது மணிக்கு மேல்தான். விழித்தவுடன் என் உடம்பு முழுசாக என்னுடன் எழுந்திருப்பதில்லை. கண் முதலில் வரும், பிறகு நாக்கு, அது என்றைக்கும் தாமதித்ததில்லை. கை கடைசியில் வரும், அதற்கென்று ஒரு பஸ் இருப்பதுபோல. முன்பு அந்த நேரத்தைத் திருட்டுப்போன நேரம் என்று எண்ணினேன். இப்போது அது நாளின் ஒரு பகுதி, குளிப்பதற்கு முன்னால் வருவது.

இப்போது எல்லாரிடமும் செல்போன் இருக்கிறது. காலை ஏழரைக்குக் குப்பத்திலிருந்து அழைப்பு வரும். என்னால் எடுத்துப் பிடிக்க முடியாது. தனலட்சுமி பொத்தானை அழுத்தித் தலையணைமேல் வைப்பாள். பின்னால் அலைச் சத்தமும் ஏலக்காரர்களின் கத்தலும் கேட்கும்.

“கை வந்துடிச்சா தம்பி?”

“இன்னும் வர்லக்கா. ஒனக்கு?”

“வலது வந்துடிச்சி. எடது வந்துக்கினு இருக்குது.”

“நேத்து இன்னேரத்துக்கு ரெண்டும் வந்துடிச்சின்னு சொன்ன?”

“நேத்து நேத்துடா. இன்னிக்குக் கேட்டியா, இன்னிக்குச் சொல்றேன்.”